காத்திருப்பையும் கணக்கில் எழுதுங்கள்

தூத்துக்குடியில் கப்பல் முகமை, சரக்கு முகமை, கன்டெய்னர் நிலையம், டிரெய்லர் போக்குவரத்து நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

உங்களில் பலரை அண்ணாச்சி என்றும் சிலரை அக்கா என்றும் கூப்பிட்டுப் பழகியவன் நான். இந்தத் துறைமுகத்தை நம்பித்தான் என் வீட்டிலும் உலை கொதிக்கிறது. டீக்கடை வாசலில் பாதி பேசி, போன் மணி அடித்ததும் பாதியில் விட்டுப்போன விஷயத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஊரில் வேலை கூடிக்கொண்டே வருகிறது. 2024 பிப்ரவரியில் வெளித் துறைமுகத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய பன்னாட்டுக் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். 2025 ஜூலையில் விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது, ஆகஸ்டில் சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை வந்தது. சரக்கு கூடும், கப்பல் கூடும், நமக்கும் பிழைப்பு கூடும். நல்லது. ஆனால் வேலை கூடும்போது ஆள் கூட்டுவது செலவு என்பதால், இருக்கிற ஆளின் நேரத்தை இழுப்பதற்கே நம் கை முதலில் போகிறது. காலையில் அரை மணி முன்னால் வா, இரவில் ஒரு மணி பின்னால் போ, ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ. இதற்கு உற்பத்தித்திறன் என்று பெயரும் வைத்தாயிற்று.

2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, நாட்டின் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று அதில் வருத்தப்பட்டிருந்தார். அந்தப் பேச்சுகள் நம் ஊர் அலுவலக வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றின. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய இந்தக் கேள்விக்கு வேறு எந்த ஊர் தடுமாறினாலும் தூத்துக்குடி தடுமாறக் கூடாது. 1908லேயே பதில் சொன்ன ஊர் இது.

கோரல் மில்லை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஹார்வி கம்பெனியின் நூல் ஆலை. விடிவதற்கு முன் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வரும் வாழ்க்கை. வார விடுமுறை கிடையாது. கூலியோ வயிற்றுக்கும் வாய்க்கும் எட்டாதது. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்று பேசினார்கள், ஊர் சோறு போட்டது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியில் பாதி அளவு உயர்வு, குறைந்த வேலை நேரம், ஞாயிறு விடுமுறை ஆகியவை கிடைத்தன. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். அவருடைய கப்பல் கம்பெனியைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம், துறைமுகத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறோம். அவர் வாங்கிக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையை அந்தத் துறைமுகத்துக்கு வேலை செய்யும் அலுவலகங்களே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அது நியாயத்துக்கான போராட்டம், இங்கே பேசுவது லாபக் கணக்கு என்பீர்கள். கணக்குக்கே வருவோம். கோரல் மில் தொழிலாளர்கள் கேட்டது சரிதானா என்பதை ஏழு ஆண்டு கழித்து ஆங்கிலேயர்களே தங்கள் நாட்டில் அளந்து பார்த்தார்கள். முதல் உலகப் போரில் குண்டு செய்யும் ஆலைகளில் ஆட்களை வாரத்தின் ஏழு நாளும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் குண்டு வரவில்லை. 1915இல் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு எடுத்துக்கொண்ட முதல் விஷயமே ஞாயிற்றுக்கிழமை வேலைதான். அதைக் கைவிடச் சொன்னார்கள். அந்தக் குழு சேகரித்து வைத்த கணக்குகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் ஜான் பென்காவல் 2014இல் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியிருக்கிறது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் கிடைப்பது தேய்ந்துகொண்டே போகிறது. 70 மணி நேரம் வேலை பார்த்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேரம் பார்த்த வாரத்தைவிடப் பெரிதாக அதிகமில்லை. பதினான்கு மணி நேரம் மனிதரைப் பிழிந்ததற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. ஓய்வு நாள் இல்லாத வாரங்களில் மொத்த உற்பத்தியே அடிவாங்கியிருக்கிறது. போர்முனைக்குக் குண்டு போய்ச்சேராவிட்டால் நாடே போய்விடும் என்ற அவசரத்தில் எடுத்த கணக்கு இது; தொழிலாளிக்குச் சலுகை காட்ட எழுதியதல்ல.

நமது வேலை குண்டு செய்வதோ நூல் நூற்பதோ இல்லை. நம் வேலையைக் களைத்த கையோடு செய்வது இன்னும் ஆபத்து. நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம். நம் மேசையில் ஒரு எண் தவறினால் அது கொழும்பு வரை போய்த்தான் வெடிக்கும்.

ஏற்றுமதி டாக்குமென்டேஷன் மேசையைச் சற்றுக் கிட்டப்போய்ப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் அந்த மேசைக்கு உயிர் வருகிறது, ஏனென்றால் கரூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ இறுதி இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அப்போதுதான் வருகின்றன. பி.எல். என்னும் சரக்கு ரசீதின் டிராஃப்டை அடிக்க வேண்டும். கன்டெய்னர் எண், சீல் எண், எத்தனை கார்ட்டன், மொத்த எடை, எச்.எஸ். குறியீடு, வாங்குபவர் பெயர், வங்கியின் எல்.சி. கடன்கடிதத்தில் உள்ள அதே வாசகம். ஒரு புள்ளி மாறினாலும் வங்கி அதை முரண் என்று குறித்துப் பணத்தை நிறுத்தும். இதை அடித்துக்கொண்டிருக்கும் பெண்ணின் கைபேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஏற்றுமதியாளர் “ஸ்டேட்டஸ்?” என்கிறார். கப்பல் கம்பெனி வி.ஜி.எம். எடைச் சான்று எங்கே என்கிறது. யார்டிலிருந்து சர்வேயர் சீல் படத்தை அனுப்புகிறார். அது கலங்கலாக இருக்கிறது. ஓட்டுநர் கேட்டில் நிற்கிறேன் என்கிறார். அடுத்த அறையில் இருக்கும் நீங்களும் குழுவில் “என்ன ஆச்சு?” என்று கேட்கிறீர்கள். கேட்டது எல்லாம் நியாயமான கேள்விதான். ஆனால் சீல் எண்ணில் ஆறாவது இலக்கத்தை அடித்துக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு முறையும் முதல் இலக்கத்துக்குத் திரும்பிப் போகிறார். அலுவலகக் குறுக்கீடுகளைப் பல ஆண்டுகளாக அளந்துவரும் கலிபோர்னியப் பேராசிரியர் குளோரியா மார்க், ஒருமுறை கலைந்த வேலைக்குப் பழையபடி வந்துசேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். நம் மேசையில் இருபது நிமிடம் கலையாமல் இருந்த மாலை ஒன்று உண்டா?

கன்டெய்னர் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்து நான்கு, அதற்குப் பின் ஏழு இலக்கம். கடைசி இலக்கத்தைப் பெட்டியின் மேல் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். அது வரிசை எண்ணின் பகுதி இல்லை. எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுத்து, ஒவ்வொரு இடத்தையும் இரண்டின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்து மீதியை எடுத்தால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு எழுத்து தவறாக அடித்திருக்கிறோம் என்று கணினி உடனே சொல்லிவிடும். மழையிலும் இருட்டிலும் அந்த எண்ணைப் படிக்கப் போகிறவர் களைத்த மனிதர், அவர் தவறுவார் என்பதை ஒப்புக்கொண்டு யாரோ அதை வடிவமைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதை எழுதுபவரை அவர்கள் திட்டவில்லை, கூடுதல் நேரம் உட்காரச் சொல்லவில்லை. பிழை தானாக மாட்டிக்கொள்ள வழி செய்தார்கள். சீல் எண்ணுக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. எடைக்கும் இல்லை, வாங்குபவரின் பெயருக்கும் இல்லை. அங்கெல்லாம் காவல், உட்கார்ந்திருப்பவரின் தெளிந்த கண் மட்டும்தான். இரவு பத்தரைக்கு அந்தக் கண்ணில் என்ன தெளிவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். பி.எல். திருத்தக் கட்டணம், கொழும்பில் தாய்க்கப்பலைத் தவறவிட்ட பெட்டி, ஷட்-அவுட் ஆகி யார்டில் நிற்கும் சரக்கு: மாதக் கடைசியில் இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால், இன்னொரு ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம் அதற்குள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெரும்பாலான அலுவலகங்களில் யாரும் கூட்டுவதில்லை. திருத்தக் கட்டணம் ஒரு தலைப்பில் போகிறது, சம்பளம் வேறு தலைப்பில் போகிறது.

இதே கடற்கரையில் ஒரு காலத்தில் வேலையை வேறு விதமாக ஒழுங்கு செய்திருந்தார்கள். முத்துக்குளிப்பைச் சொல்கிறேன். அதைப் பொற்காலமாக்கிப் பாடும் எண்ணம் எனக்கில்லை. எடுத்த சிப்பியைப் பங்கு பிரித்து மூன்றில் இரண்டை அரசு எடுத்துக்கொண்டது, மீதி ஒரு பங்குதான் உயிரைக் கொடுத்து மூழ்கியவர்களுக்கு. போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கரையில் காவல் வைத்து வசூலித்த தொழில் அது. ஆனால் படகுக்குள் இருந்த ஒழுங்கு கடலை அறிந்தவர்களுடையது. அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில், நினைத்த நாளில் யாரையும் கூப்பிட மாட்டார்கள். கடலடியில் சிப்பி விளையும் பார்களை முன்கூட்டியே போய்ச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, திறந்து, முத்தை மதிப்பிட்டு, விளைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே சலாபம் என்னும் முத்துக்குளிப்புப் பருவத்துக்கு அறிவிப்பு வரும். விளையாவிட்டால் அந்த ஆண்டு கிடையாது. அப்படிப் பல ஆண்டுகள் சும்மா கிடந்ததும் உண்டு. அறிவித்துவிட்டால், நள்ளிரவில் தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலில் நிறுத்தச் சொல்லிச் சைகை வரும். கடல்காற்றைப் பிடித்துக் கரைக்குத் திரும்புவார்கள். மூழ்க உதவும் ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள். ஒருவர் மூழ்கினால் மற்றவர் படகில் மூச்சு வாங்குவார், பிறகு மாறிக்கொள்வார்கள். மூழ்கியவர் தண்ணீருக்குள் இருப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. இருவரையும் ஒரே நேரத்தில் இறக்கினால் இரட்டிப்புச் சிப்பி வருமே என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஓய்வில் இருப்பவரும் வேலையில்தான் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூழ்குபவரின் கயிற்றைப் பிடிப்பதற்கு மச்சினனைத்தான் நம்புவார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது அல்லவா. கயிறு பிடித்தவர் கீழே இருப்பவரிடம் எத்தனை சிப்பி ஆயிற்று என்று நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்துக் கேட்டதில்லை. கீழிருந்து அசைவு வந்தால் தாமதிக்காமல் மேலே இழுக்க வேண்டும். அதற்காகவே அவர் கண்ணும் கையும் காத்திருந்தன. மேலாளர் வேலைக்கு இதைவிடச் சரியான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்கும் நாலு திசையையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மேசையில் மூழ்கியிருப்பவரைக் கலைக்காமல், அவர் உதவி கேட்டால் மட்டும் உடனே கைகொடுப்பது.

கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. அதன்பின் பார்கள் விளையவில்லை. 1973இல் நம் ஊர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே.அழகர்சாமி தலைமையில் வளர்ப்பு முத்து எடுத்தார்கள். இயற்கை முத்து திரும்பவில்லை. மீன்வளமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கமும் நம் மீனவர்களிடம் இன்றுவரை இருக்கிறது.

சலாபத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் பாரைப் பார்த்தார்கள் என்றேனே, டிரெய்லர் விஷயத்தில் நாம் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். ஷிப்பிங் பில் கஸ்டம்ஸில் நகர்ந்ததா, எடைச் சீட்டு வந்ததா, கப்பல் கம்பெனி பெட்டியை விட்டதா என்று எதுவும் தெரியாமலே வண்டியை வரச் சொல்லிவிடுகிறோம். ‘வந்து நிற்கட்டும், எப்படியும் வேலை இருக்கும்’ என்ற நினைப்பு. வண்டி நிற்கிறது. ஓட்டுநர் கேபினிலேயே சாப்பிட்டு, கேபினிலேயே உறங்கி, கழிப்பறைக்கு அலைந்து, கட்-ஆஃப் நெருங்கியதும் “சீக்கிரம் போ” என்ற ஒரு சொல்லுக்கு மறுபடி உயிர்பெற்று, தூங்காத கண்ணோடு நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு துறைமுகச் சாலையில் ஓட வேண்டும். அதே சாலையில் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள்.

கப்பல் வந்து திரும்பும் நேரத்தில் இந்தியா இப்போது உலகில் தலைநிமிர்ந்து நிற்கிறது. உலக வங்கியின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி நம் நாட்டுத் துறைமுகங்களில் சராசரி 0.9 நாள். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய எண் அது. ஆனால் டிரெய்லர் எத்தனை மணி நேரம் நின்றது என்பதற்கு அந்த அறிக்கையில் கட்டம் இல்லை. அளக்காததை யாரும் குறைப்பதில்லை. கப்பலின் காத்திருப்பு குறைந்திருக்கிறது, அதில் ஒரு பங்கு தார்ச்சாலைக்கு மாறியிருக்கிறது, அந்தப் பங்கை ஓட்டுநர் தன் கணக்கில் சுமக்கிறார்.

கன்டெய்னர் பிறந்த கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மால்கம் மெக்லீன் ஒரு லாரிக்காரர். 1937இல் அமெரிக்காவில் ஹோபோக்கன் துறையில் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து, கூலியாட்கள் மூட்டை மூட்டையாக இறக்குவதைப் பார்த்தபடி நாள் முழுக்கக் காத்துக் கிடந்ததாகவும், லாரியின் பெட்டியையே அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று அப்போது தோன்றியதாகவும் பிற்காலத்தில் அவர் சொன்னார். 1956 ஏப்ரல் 26இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஒரு டன் ஏற்ற 5.86 டாலர் ஆனது, பெட்டியில் ஏற்றியபோது 16 சென்டுக்குள் அடங்கியது. இன்று நம் அத்தனை பேருக்கும் சோறு போடும் தொழில் காத்திருந்த ஒரு ஓட்டுநரின் எரிச்சலில் முளைத்தது. நம் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் ஓட்டுநர்களிடம் என்ன யோசனை இருக்கிறது என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா?

யார்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் உப்பளத்தில் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை தொடங்கிவிடுகிறார்கள். வெயில் உச்சிக்கு ஏறுமுன் பெரும்பகுதி வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். உப்பளத்து வேலை எவ்வளவு கொடுமை என்று ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதினார். அங்கேகூட வெயிலுக்கு ஒரு மரியாதை உண்டு. நாமோ மே மாத நண்பகலில், வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள் ஆட்களை இறக்கி ஸ்டஃபிங் செய்யச் சொல்கிறோம். உள்ளே காற்றில்லை, பெட்டியின் சுவரில் கை வைக்க முடியாது. அந்த நேரத்தில் ஒரு கார்ட்டனுக்கு ஆகும் நேரம், காலை ஆறு மணிக்கு ஆகும் நேரம், இரண்டையும் நின்று அளந்து பாருங்கள். கார்ட்டன் எண்ணும் உங்கள் டாலி கிளார்க்குக்கு ஒரு நாற்காலியும் நிழலும் கொடுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே வந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. நாம் யாருக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறோமோ, அந்தக் கப்பலுக்குள் போய்ப் பாருங்கள். மாலுமி ஒவ்வொருவரும் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓய்வெடுத்தார் என்று அட்டவணை எழுதி வைத்திருப்பார்கள். எந்த 24 மணி நேரத்திலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு என்று பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை 2015இல் ஏற்றுக்கொண்டது. அட்டவணை சரியில்லை என்றால் துறைமுகத்தில் கப்பலைச் சோதிக்கும் அதிகாரி கேள்வி கேட்பார். தூங்காத மாலுமி கப்பலைப் பாறையில் ஏற்றிவிடுவார் என்பதைப் பல விபத்துகளில் கற்றுக்கொண்டுதான் உலகம் அந்த விதியை எழுதியது. அதே கப்பலுக்குச் சரக்கு முடித்துக் கொடுக்கும் நம் போர்டிங் கிளார்க் முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்?

கப்பல் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதில்லை என்ற உங்கள் பதில் எனக்கு முன்கூட்டியே கேட்கிறது. உண்மைதான். துறைமுகம் ஓயாது, அது ஓய வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஓயாத துறைமுகத்துக்கு முறை வைத்து ஆள் போடுங்கள் என்கிறேன். ஞாயிறு வருபவருக்குச் செவ்வாயோ புதனோ உண்மையான விடுமுறை. அன்று அவர் போனுக்கு அழைப்புப் போகக் கூடாது. இரவு வேலைக்குத் தனி ஆள், அதில் பெண்கள் இருந்தால் வீடு வரை வண்டி. 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது எழுந்த எதிர்ப்பில் மூன்றே நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றுவிட்டதாக முதல்வர் அறிவித்தார். இந்த மாநிலம் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை, சட்டமே இல்லாமல் நம் அலுவலகங்களில் நடத்துவது அழகில்லை.

ஏற்றுமதியாளர்களையும் திருத்த வேண்டும். அது உங்களால் மட்டுமே முடியும். கட்-ஆஃப் நாளன்று மாலையில் இன்வாய்ஸ் அனுப்புவது அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது, ஏனென்றால் எப்படியும் நாம் இரவில் முடித்துக் கொடுத்துவிடுகிறோம். இன்ன மணிக்குள் முழுக் காகிதமும் வராவிட்டால் அடுத்த கப்பல்தான் என்று ஒருவர் மட்டும் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இந்த மடலைத் தனித்தனியாக எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு சங்கமாகக் கூடி நீங்கள் கட்டண விகிதம் பேசுகிறீர்கள், வேலைநிறுத்தம் பேசுகிறீர்கள். காகிதம் வந்துசேர வேண்டிய நேரத்தையும் ஒரே குரலில் பேசி முடிவு செய்ய முடியும். கரூர்க்காரரும் திருப்பூர்க்காரரும் முதல் மாதம் கோபப்படுவார்கள். பிறகு அவர்களுடைய அலுவலகத்திலும் இரவு வேலை குறையும்.

வின்ஃபாஸ்ட் போன்ற ஆலைகள் வந்த பிறகு நம் பிள்ளைகளுக்குப் போக வேறு இடம் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். டாக்குமென்டேஷன் வேலையை மூன்று ஆண்டு கற்றுத் தேர்ந்த ஒரு பெண், இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவதை அப்பா ஒப்பவில்லை என்பதற்காக வேலையை விட்டுப் போனால், அவரோடு போகும் அனுபவத்தை எந்த விளம்பரம் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

நான் கேட்பது முதலில் ஒரு நோட்டு. வரும் முதல் தேதியிலிருந்து தொடங்குங்கள். டிரெய்லர் வந்த நேரம், போன நேரம், எதற்காக நின்றது. ஒவ்வொரு பி.எல். திருத்தத்துக்கும் அந்த டிராஃப்ட் எத்தனை மணிக்கு அடிக்கப்பட்டது, அதற்கு என்ன செலவானது. மூன்று மாதம் எழுதுங்கள். அதுவரை ‘ஸ்டேட்டஸ்’ கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரே ஒருவரை வையுங்கள், மற்றவர்கள் கைபேசியை மேசை இழுப்பறையில் வைக்கட்டும். மூன்று மாதம் முடிந்ததும் உங்கள் பணியாளர்களையும் இரண்டு ஓட்டுநர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்த நோட்டைத் திறந்து பாருங்கள். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தால்தான் கட்டுபடியாகும் என்று கணக்கு சொன்னால், என்னைக் கூப்பிடுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் உங்களில் ஒருவன்